ஒருவருக்கும் பாதிப்பில்லையாம்!

சனிக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் என் நேற்றைய பதிவின் கீழே நடந்த சண்டையையாவது பார்த்திருப்பீர்கள். டெல்டாவில் பழுப்பு நிலக்கரி எடுப்பதைப் பற்றிய கூட்டம் அது; அதில் ஒருவர் பேசியதால்தான் சண்டை. அதனால் முழுக் கதையை மறுபடி சொல்லவில்லை. பேசியவர் நிறையப் படித்தவர், நல்லவர், நம் பக்கம் நிற்பவர் என்று இரவு முதல் எனக்கு நற்சான்றிதழ்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இருக்கட்டும். யாரோ தரகர் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். நல்லவர் வாயிலிருந்து வந்ததால்தான் இவ்வளவு எரிச்சல்.

"வயலைத் தோண்டாமல் பூமிக்கு அடியில் சுரங்கம் வைத்து எடுக்கட்டும். மேலே நடவு நடக்கும், கீழே வேலை நடக்கும், ஒருவருக்கும் பாதிப்பில்லை." இதுதான் அவர் சொன்னது. மண்டபமே கைதட்டியது.

கீழே நடக்கும் அந்த வேலையைச் செய்யப்போவது யார்? அந்த ஆளுக்குக் கையும் காலும் நுரையீரலும் உண்டா, இல்லையா? என் கேள்வி இது ஒன்றுதான். இந்தப் பதிவு முழுக்க இதையேதான் கேட்கப்போகிறேன். சலிப்பாக இருப்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

கீழே எடுத்தால் மேலே ஒன்றும் ஆகாது என்பதே முதலில் தவறு. கரி எடுத்த இடத்தில் தாங்க ஒன்றும் இல்லாமல் போனால் மேல்நிலம் இறங்கும். ஜார்க்கண்டில் ஜரியா என்ற நிலக்கரி ஊர் இருக்கிறது. அங்கே 1916இல் பற்றிய நிலத்தடித் தீ இன்றுவரை முழுதாக அணையவில்லை. தரை பிளந்து புகை வருகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் திறந்தவெளிச் சுரங்கமே நடக்கிறது. மன்னார்குடிப் பக்கம் கரி அதைவிட ஆழத்தில் கிடக்கிறது. இவற்றையெல்லாம் சொல்லி அவரை மறுத்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே இருந்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் மறுத்த விதத்தைக் கவனியுங்கள். வயல் இறங்கிவிடும் என்றார்கள், கிணறு வற்றிவிடும் என்றார்கள். உள்ளே இருக்கிறவன் தலையில் கூரை இறங்கும் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது நானும் தெருவில் நின்றேன். சில நாட்களில் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வயலுக்காக நின்றதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் அன்று நாம் பிடித்த பதாகைகளில் நெல் இருந்தது, காவிரி இருந்தது, மண் இருந்தது. இறங்குகிறவன் இல்லை.

என் பெரியப்பா இறங்கியவர்.

எழுபதுகளில் தண்ணீர் வராமல் போன ஒரு வருடம், ஊரிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரரோடு வடக்கே, இன்றைய ஜார்க்கண்டுக்குப் போனார். அப்போது அது பீகார். முதலில் கரியை வெட்டி டப்பில் ஏற்றும் வேலை. டப் என்பது தண்டவாளத்தில் ஓடும் இரும்புத் தொட்டி. ஏற்றுகிறவனுக்கு மால்கட்டா என்று பெயர். பிறகு கூரைக்கு முட்டுக் கொடுக்கும் மர வேலை. சுரங்கத்தின் கூரையைச் சால் என்பாராம். ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் வேலை, கழியால் சாலைத் தட்டிப் பார்ப்பது. கணீர் என்று கேட்டால் நிற்கலாம். பொத்தென்று கேட்டால் மேலே பாறை பிரிந்திருக்கிறது, விலக வேண்டும். உயிர் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனாலும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் கைத்தடியால் மேல்தளத்தைத் தட்டிப் பார்ப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், சிறுபிள்ளை.

இடக்கையில் இரண்டு விரல்கள் கிடையாது. இரண்டு டப்புகளைக் கோக்கும் இடத்தில் போயின. அதற்காக ஒருநாளும் அவர் புலம்பிக் கேட்டதில்லை. "விரல் போனவன் கொடுத்துவைத்தவன்" என்பார். விரல் போனால் எல்லோருக்கும் தெரியும், கணக்கில் வரும் என்பது அவர் எண்ணம். கணக்கில் வராதது நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கண்ணுக்குத் தெரியும் தூசி அவ்வளவு ஆபத்தில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், காறித் துப்பலாம். ஐந்து மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த பொடிதான் நுரையீரலின் கடைசி அறைவரை போகிறது. உடம்பால் அதை முழுதாக வெளியே தள்ள முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டுகிறது. தழும்பு விரியாது, சுருங்காது, மூச்சு வாங்காது. கரியோடு பாறையின் சிலிக்காவும் சேர்ந்தால் இன்னும் வேகம். முகத்தில் கட்டிய துண்டு இந்தப் பொடியைத் தடுப்பதில்லை. வேலையை விட்டு வந்து பல வருடங்கள் கழித்துக்கூட இந்த நோய் முற்றும். இதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை கிடையாது. நிமோகோனியோசிஸ் என்று பெயர். கண்டறிந்த மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சொன்னது.

சட்டம் சொன்னது. நம் பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவர் பெரியப்பாவுக்குக் காசநோய் மருந்து கொடுத்தார். சளியில் கிருமி இல்லை என்று வந்த பிறகும் கொடுத்தார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நெல் விளைகிற ஊரில் கரி நோய் எப்படி வரும்? (சிலிக்கா புகுந்த நெஞ்சில் காசநோயும் எளிதாக வரும், அது உண்மை. அதற்காக ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பலாமா?) கடைசியில் வேறோர் ஊரில், வயதான மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுரங்கத்தில் இருந்தாரா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இன்றும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

நஷ்ட ஈடு கேட்டு எழுதினோம். "அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் பதிவேட்டில் பெயர் இல்லை" என்று சுரங்க நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. அதோடு ஓர் அறிவுரை: நோய்க்குப் பீடிப் பழக்கம் காரணமாக இருக்கலாம். எரிவாயு தங்கும் சுரங்கம் அது. காற்றில் மீத்தேன் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் பீடியும் தீப்பெட்டியும் இருக்கிறதா என்று வாயிலிலேயே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். பெரியப்பா வெற்றிலை போடுகிறவர். பீடி வாயில் வைத்ததே இல்லை. தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியாதா?

அவர் அனுப்பிய மணியார்டரில்தான் எங்கள் வீட்டில் இரண்டு மா நிலம் வாங்கினார்கள். அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அந்த நிலத்தில் நின்றுகொண்டுதான் நான் மண்ணைக் காப்போம் என்று கத்தினேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, வரப்போகும் பின்னூட்டங்களுக்கு.

"அது அந்தக் காலம், இப்போது எல்லாம் இயந்திரம்." இயந்திரம் தூசியைக் குறைக்கும் என்று உங்களிடம் யார் சொன்னது? வேகமாக வெட்டும் இயந்திரம் தூசியை அதிகமாகவும் நுண்ணியதாகவும் எழுப்பும். தண்ணீர் தெளித்து, காற்றோட்டம் கொடுத்து அடக்கினால்தான் உண்டு. அமெரிக்காவில் 1968இல் ஒரு சுரங்க வெடிப்பில் 78 பேர் செத்த பிறகு, 1969இல் தூசிக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டார்கள். நோய் குறைந்தது. பிறகு மெல்லிய கரிப் படிவங்களை இயந்திரத்தால் பாறையோடு சேர்த்து வெட்ட ஆரம்பித்தார்கள்; இந்த நூற்றாண்டில் அப்பலாச்சியா மலைப் பகுதியில் நடுத்தர வயது ஆட்களுக்கே முற்றிய நோய் திரும்ப வந்திருக்கிறது. அமெரிக்காவில்! நம் ஊரில் நடப்பதைப் பற்றி நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள்.

"கருங்கரி வேறு, பழுப்புக் கரி வேறு." ஆமாம், வேறு. பழுப்பு நிலக்கரி தானாகவே சூடேறிப் புகையும் குணம் உடையது. துருக்கியில் சோமா என்ற ஊரில் நிலத்தடிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. 2014 மே 13ஆம் தேதி உள்ளே தீ. இறந்தவர்கள் 301 பேர், பெரும்பாலோர் நெருப்பில் அல்ல, கார்பன் மோனாக்சைடில். நிறமில்லை, மணமில்லை. அந்த நாட்டுப் பிரதமர் வந்து, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்த விபத்துகளை எடுத்துக்காட்டி, இதெல்லாம் இந்தத் தொழிலில் இயல்பு என்று பேசினார். அவரும் படித்தவர்தான்.

தண்ணீரைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 1975 டிசம்பர் 27, தன்பாத் அருகே சாஸ்நாலா. பக்கத்தில் கைவிட்ட பழைய சுரங்கப் பகுதியில் தேங்கி நின்ற நீர் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 370 பேருக்கு மேல். ஓட இடமில்லாத வெள்ளம். பெரியப்பா அப்போது வேறு சுரங்கத்தில் இருந்தார். அதைப் பற்றி மட்டும் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

"விவசாயியும்தான் பாம்பு கடித்துச் சாகிறான், ரைஸ் மில்லிலும்தான் தூசி." சரி, அவர்களையும் எண்ணுங்கள். நான் வேண்டாம் என்றேனா?

"நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளியில்தான் எடுக்கிறார்கள், நிலத்தடிச் சுரங்கம் பழைய கதை." முதல் பாதி உண்மை. ஆனால் 2030க்குள் நிலத்தடியிலிருந்து ஆண்டுக்குப் 10 கோடி டன் எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பது ஒன்றிய அரசு. பழைய கதைக்கு யாராவது புதிய இலக்கு வைப்பார்களா?

"உன் வீட்டு மோட்டார் எதில் ஓடுகிறது?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. 1990 முதல் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வாங்குகிற மாவட்டத்துக்காரி நான். ஒடிசாவின் தால்சேர் கரியும் அதில் எரிகிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? கரியே எடுக்கக் கூடாது என்றுகூட இந்தப் பதிவில் சொல்லவில்லை. பாதிப்பில்லை என்று சொல்லாதீர்கள் என்கிறேன். அதைச் சொல்வதற்கு மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டு விளக்கேற்றி உட்கார வேண்டுமா?

"நீ நிறுவனத்தின் ஆள், போராட்டத்தைப் பிளக்கிறாய்." இதற்குப் பதில் இல்லை. இப்படி எழுதியவர் என் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவர். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியும்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. இன்று நம் வயல்களில் நாற்று நடுகிறவர்களில் பலர் பேசுவது வங்காளம். நம் பிள்ளைகள் சென்னை, கோவை, துபாய். நாளைக்கு இங்கே சுரங்கம் வந்தால் இறங்கப்போவது நம் பிள்ளைகள் இல்லை என்று அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஜார்க்கண்டிலிருந்து ஒருவன் வருவான், ஒப்பந்தக்காரரின் ஆளாக, பதிவேட்டில் பெயரில்லாமல். அந்தக் கைதட்டல் அதனால்தான் அவ்வளவு எளிதாக வந்தது. பாதிப்பில்லைதான், நம்மில் ஒருவருக்கும்.

மீட்புக் கதை என்றால் மட்டும் நமக்கு உயிர். 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 பேர் சிக்கினார்கள். 17 நாட்களுக்குப் பிறகு எலிவளைச் சுரங்க (ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவே உள்ள குறுகிய துளை) வேலை தெரிந்தவர்கள் கையால் தோண்டி வழி செய்தபோது நாடே கண்ணீர் விட்டது. நானும் விட்டேன். அதே எலிவளைச் சுரங்கம் ஒன்றில், மேகாலயாவில் 2018 டிசம்பரில் வெள்ளம் புகுந்து 15 பேர் சிக்கினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் அந்த முறைக்கு 2014லேயே தடை போட்டிருந்தது. பெரும்பாலோரின் உடல்கூட மேலே வரவில்லை. அவர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரியுமா? கூகுளைத் திறக்காமல் சொல்லுங்கள்.

கூட்டம் நடத்தியவர்களிடம் கேட்கிறேன்: அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானங்கள் போடும்போது, உள்ளே இறங்குகிறவரின் உயிரையும் நுரையீரலையும் பற்றி ஒரு தீர்மானம் போடுங்கள். எழுதித் தருகிறேன். அரைப் பக்கம்தான் வரும். நேரமில்லை என்று சொன்னால், பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது சண்டைக்கு அப்பாற்பட்டது. உங்கள் வீட்டில் யாராவது சுரங்கத்திலோ கல் உடைக்கும் இடத்திலோ வேலை பார்த்து வந்து இருமிக்கொண்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த வேலையைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். எத்தனை வருடம், எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மார்பு எக்ஸ்ரேயைப் பத்திரமாக வைத்திருங்கள். வருகை அட்டை, சம்பளச் சீட்டு, கேப் விளக்கு (தொப்பியில் மாட்டும் விளக்கு) எண் எழுதிய வில்லை என்று எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். விவரம் தெரியாதவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், தெரிந்த வரை சொல்கிறேன். அந்தப் பேச்சாளரைப் பாராட்ட வருகிறவர்கள் அவர் பக்கத்துக்கே போய்ப் பாராட்டிக்கொள்ளுங்கள். இங்கே வந்தால் நீக்கிவிடுவேன்.