ஐபி68 என்றால் கடலில் இறக்கலாம் என்று அர்த்தமில்லை

"ஐபி68 ஃபோன்தானே, கடலில் முக்கியே வீடியோ எடுக்கலாம், பழுதானால் வாரண்டி இருக்கு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு, ப்ரோ.

ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் ஃபோன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக்குறியீடு. அதில் 6 என்பது தூசி உள்ளே புகாது என்பதற்கு. 8 என்பது தண்ணீருக்கு. எத்தனை ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்வார். கேலக்ஸி எஸ்24க்கு 1.5 மீட்டர், 30 நிமிடம். ஐஃபோன் 15க்கு 6 மீட்டர், அதே 30 நிமிடம். சோதனை நடப்பது ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில். கடலின் உப்பும் நீச்சல்குளத்துக் குளோரினும் அந்தக் கணக்கில் இல்லை. ஃபோன் ஒருமுறை கீழே விழுந்தாலே தண்ணீரைத் தடுக்கும் ஓரத்துப் பசை விட்டுப்போகலாம்.

ஆஸ்திரேலியாவில் நீச்சல்குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக, 2022இல் நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சார்ஜிங் போர்ட் அரித்துப்போனதுதான் அங்கே பிரச்சினை.

என் தங்கை ராமேஸ்வரம் கடலில் ஃபோனோடு இறங்கினாள். சர்வீஸ் சென்டரில் சிம் ட்ரேயை உருவி, டார்ச் அடித்துக் காட்டினார்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கர் ஒன்று உள்ளே இருக்கிறது; வெள்ளையாக இருக்க வேண்டிய அது சிவந்திருந்தது. அதோடு வாரண்டி போச்சு. இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள், பாவம்.

தவறிக் கடல்நீர் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடையுங்கள். போர்ட் நன்றாகக் காயும்வரை சார்ஜர் செருகாதீர்கள். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம், துகள் உள்ளே போய்விடும்.