ரானியேரி நீக்கம்: தேதியில் ஒரு திருத்தம்

இங்கிலாந்துக் கால்பந்து கிளப் லெஸ்டர் சிட்டி, பிரீமியர் லீக் பட்டம் வென்ற கையோடு மேலாளர் ரானியேரியை வெளியே அனுப்பிவிட்டது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தேதி சரியில்லைங்க. பட்டம் உறுதியானது 2016 மே 2. நீக்கியது 2017 பிப்ரவரி 23, அதாவது அடுத்த சீசனில். அப்போது 25 ஆட்டத்தில் 21 புள்ளி, 17வது இடம். அந்த ஆண்டு பிறந்து லீக்கில் ஒரு கோல்கூட இல்லை. முந்தைய நாள்தான் சாம்பியன்ஸ் லீக்கில் (ஐரோப்பிய கிளப்களின் தனித் தொடர்) ஸ்பெயினின் செவில்லாவிடம் 1-2 தோல்வி, லெஸ்டர் வீரர் வார்டி ஒரு கோல் போட்டும். ஆனாலும் அவசரம்தான் என்று நானும் நினைக்கிறேன், அது வேறு பேச்சு. பிரீமியர் லீக் தளத்தில் 2016-17 சீசனைத் தேர்ந்து லெஸ்டரின் முடிவுகளை மட்டும் பாருங்கள், ஜனவரி தொடக்கத்திலிருந்து நீக்கம் வரை அவர்கள் கோல் கணக்கில் வரிசையாகப் பூஜ்யம் தெரியும். நீக்க அறிவிப்பின் தேதி அந்த நாளைய செய்திகளிலேயே கிடைக்கும்.