மாத்திரை போட்டதால்தான் நார்மல்

ஞாயிற்றுக்கிழமை நம்ம தெரு குரூப்பில் வந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பிபி 120/80. நார்மல். மாத்திரையைத் தூக்கிப் போட்டாச்சு." கீழே வரிசையாகக் கைதட்டல், "சூப்பர் அண்ணா". இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அண்ணா, மாத்திரை போட்டதால்தான் அது நார்மல். நம்ம கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மோட்டார் வைத்து இறைக்கிறோம். தரை தெரிகிறதே என்று மோட்டாரை நிறுத்தினால் விடிவதற்குள் கட்டில் கால் முழுகும். அதேதான் இதுவும்.

எங்கள் அப்பாவும் இப்படித்தான் நிறுத்தினார். மஞ்சக்குப்பம் மைதானத்தில் தினமும் நடப்பவர், கூட நடந்த ஒருவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினார். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்த பெண்ணிடம், "எனக்குச் சரியாயிடுச்சும்மா, வேற யாருக்காவது கொடு" என்று திருப்பி அனுப்பினார். ஐந்தாவது மாதம், ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. வாயு என்று சொல்லி சோடா கொடுத்தோம், படுக்க வைத்தோம். அது பக்கவாதம் என்பதும், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதும் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மதியம் ஆகிவிட்டது.

"எனக்குத் தலைவலியே இல்லையே" என்பீர்கள். அப்பாவுக்கும் இல்லை. பிபி பெரும்பாலும் ஒன்றுமே காட்டாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். "மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிபி. அம்லோடிபின் என்கிற பிபி மாத்திரை போட்டால் சிலருக்குக் கால் வீங்கும், அது உண்மை. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். எடை குறைத்து, நடந்து, மாத்திரை குறைந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குறைத்தது டாக்டர், பிபியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறைத்தார். குரூப்பில் கேட்டுக் குறைக்கவில்லை.

இந்துப்புக்கு மாறினால் போதும் என்பவர்களுக்கு: அதுவும் உப்புதான், அதிலும் சோடியம்தான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே சண்டை.

"மருந்துக் கம்பெனிக்காகப் பேசுகிறாய்" என்றும் சொல்வீர்கள். அப்பாவுக்கு வாசலில் வந்தது காசில்லாத மாத்திரை. அதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நிறுத்தச் சொன்னவர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "எல்லாம் விதிம்மா" என்றார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். அப்பா அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், பாதி முகம்தான் சிரித்தது. அம்மா அடுப்படிக்குள் போனவள் அவர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்று ராத்திரி அந்த மாத்திரையைப் போடுங்கள், நாளைக்கு டாக்டரைப் போய்ப் பாருங்கள். அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். கைதட்டியவர்களில் நான்கு பேர் வீட்டில் பிபிக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.