ஆறு பச்சையாகத் தெரிவது நல்ல சேதி இல்லை

தாமிரபரணியில் தண்ணீர் மேல் மிதந்து அடைக்கும் அமலைச் செடியை எடுக்க மறுபடியும் பொக்லைன் இறக்கிவிட்டார்கள் என்று ஆளாளுக்குப் படம் போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எடுப்பதில் தப்பே இல்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்த மறுநாளே ஆறு சுத்தமாகிவிட்டது என்று பேச ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

அமலை என்று நம்ம பக்கம் சொல்லும் ஆகாயத்தாமரைக்கு ஊர் தென்னமெரிக்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூவுக்கு ஆசைப்பட்டு வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது ஆறு குளமெல்லாம் அடைத்துக்கொண்டதில் 1936-இல் அதை ஒழிப்பதற்கென்றே அங்கே ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. சட்டத்துக்கெல்லாம் அது கட்டுப்படவில்லை என்பது வேறு கதை.

ஒரு செடியைத் தூக்கிக் கையில் வைத்துப் பாருங்கள். இலைக்காம்பு உப்பிப்போய் இருக்கும், அமுக்கினால் உள்ளே பஞ்சும் காற்றும். அடியில் கருத்த வேர் கொத்துக்கொத்தாகத் தொங்கும். அந்த வேருக்கு மண் வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸுமே அதற்குச் சாப்பாடு. அது இரண்டும் ஆற்றுக்கு எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுக் கழிவறையிலிருந்து, துணி துவைத்த தண்ணீரிலிருந்து, வயலில் போட்டு மிஞ்சின யூரியாவிலிருந்தும் டிஏபியிலிருந்தும். வாய்ப்பாக இருந்தால் அமலை இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். விதை சேற்றுக்குள் இருபது வருஷம் வரை உயிரோடு கிடக்கும். 2023 டிசம்பர் வெள்ளம் ஆற்றையே கழுவித் துடைத்த மாதிரி அடித்துக்கொண்டு போனது. அப்புறமும் அமலை வந்துவிட்டதே, ஏன்? சாக்கடை நிற்கவில்லை, அவ்வளவுதான்.

பாபநாசத்துக்குக் கீழே வரிசையாக அணைக்கட்டுகள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் இதற்குத் தோதான இடம். நடுவில் திருநெல்வேலி மாநகரம். சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் போனால் ஆற்றுக்குள் எது வந்து விழுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை, மூக்கே சொல்லும். 2018-இல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டபோது அதில் தாமிரபரணியும் இருந்தது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே வந்து சாக்கடை கலக்கும் இடங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தெரியாமல் நடக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, இதெல்லாம் மேலே மிதப்பதைப் பற்றிய பேச்சு. நான் சொல்ல வந்தது தண்ணீருக்கு அடியில் இருந்த செடிகளைப் பற்றி. அவற்றுக்காக ஒரு போஸ்டரும் கிடையாது, ஒரு டெண்டரும் கிடையாது.

தெளிந்த ஆற்றில் மணலில் வேர்விட்டு வேலம்பாசி என்கிற நீர்ச்செடி நிற்கும். ஓட்டம் போகிற பக்கமே சாய்ந்து ஆடும். உச்சி வெயிலில் உற்றுப் பார்த்தால் இலை நுனியில் குட்டிக் குட்டிக் குமிழ் கோத்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வரும். ஆக்சிஜன் அது. மீன் முட்டை ஒட்டுவது அந்த இலையில், குஞ்சு ஒளிவது அந்தப் புதரில், இறாலும் நத்தையும் மேய்வதும் அங்கேதான்.

அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, வெளிச்சம். சாக்கடை சேர்ந்தால் முதலில் போவதும் அதுதான். தண்ணீர் கலங்கும். சத்து கூடியதும் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகி, தண்ணீர் பச்சைச் சாயம் கலந்தது போலாகிவிடும். அந்தப் பாசி வேலம்பாசியின் இலை மேலேயே வழவழவென்று படிந்து அதை மூடும். மிச்சம் மீதி வெளிச்சத்தை அமலை மறைத்துக்கொள்ளும். அடியில் மணல் இருந்த இடத்தில் கருப்புச் சகதி சேரும். காலை வைத்தால் அழுகின முட்டை நாற்றம் வரும், அதில் வேர் பிடிக்காது. மணலை ஏற்கெனவே லாரியில் ஏற்றி விற்றாகிவிட்டது என்றால் கேட்கவே வேண்டாம். பகலில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்த செடி அழுகத் தொடங்கியதும், அதே ஆக்சிஜனைத் தண்ணீரிலிருந்து தின்ன ஆரம்பிக்கிறது. மீன் செத்து மிதக்கும்போதுதான் நமக்குச் செய்தி. செடி எப்போதோ போயிருக்கும்.

இதில் விசித்திரம், இவ்வளவும் நடக்கும்போது பாலத்தின் மேலிருந்து பார்த்தால் ஆறு பச்சைப்பசேலென்று செழிப்பாகத் தெரியும். கரையில் சம்புப் புல் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும். பஸ்ஸில் போகிறவர் 'என்ன குளிர்ச்சி' என்பார். சாக்கடையைத் தாங்கும் இரண்டு மூன்று செடி மட்டும் கொழுத்து, தாங்காதவை எல்லாம் செத்துப்போன பச்சை அது.

கோரையையும் சொல்லாமல் விட முடியாது. பத்தமடைப் பாய்க்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்த ஆற்றங்கரைக் கோரை. அறுத்துக் காயவைத்த கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதும் எடுத்து, மெல்லிசாகக் கிழித்தால்தான் பட்டுப் போல மடிகிற அந்தப் பாய் வரும். செடியும் ஆறு கொடுத்தது, ஊறவைக்கும் தண்ணீரும் ஆறு கொடுத்தது. புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

'ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யும், எதற்கு எடுக்கணும்' என்று ஒரு தகவலும் அவ்வப்போது வாட்ஸப்பில் சுற்றும். பாதி உண்மை. ஈயம், காட்மியம் வரைக்கும் வேரில் பிடித்துவைக்கும். ஆனால் அதை நேரத்துக்கு அறுத்து ஆற்றை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனால்தான் அந்தக் கணக்கு சரி. விட்டால் அங்கேயே செத்து, தின்றதையெல்லாம் திருப்பித் தண்ணீருக்கே கொடுத்துவிடும். நாம் செய்கிறதும் கிட்டத்தட்ட அதுதான். வாரி எடுத்துக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அதன் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அழுகி வடிந்து அதே ஆற்றுக்குள் இறங்குகிறது. அடுத்த பயிருக்கு உரம் போட்டாயிற்று! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைக்கு வருஷா வருஷம் பில் வேறு.

என்னைக் கேட்டால், எத்தனை லோடு அமலை எடுத்தோம் என்ற கணக்கே வேண்டாம். எத்தனை சாக்கடை வாய் ஆற்றில் திறந்திருக்கிறது, அதில் இந்த வருஷம் எத்தனையை அடைத்தோம், இந்த இரண்டையும் படித்துறையில் போர்டு எழுதி வைக்கட்டும். கூடவே இன்னொன்று: ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி ஆற்றில் இறக்குங்கள். எத்தனை அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறதோ, வெளிச்சம் உள்ளே எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அது ஒரு அளவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளே மாசம் ஒருதரம் செய்யலாம், லேப் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை, எந்தத் துறையில் இன்னும் அடிமணலில் வேலம்பாசி நிற்கிறது என்று பார்த்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள். முன்னால் இருந்து இப்போது இல்லாத இடம் என்றால் அதையும் எழுதுங்கள், ஏறக்குறைய எந்த வருஷம் வரை இருந்தது என்பதோடு.