வானம் ஏற்றிய கொடி

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கல்லச்சுப் (லித்தோகிராப்) படங்கள் என்றாலே "கொடி, கழுகு, கொஞ்சம் தேசபக்தி" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எதை வரைந்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்த்தால் அன்றைய அரசியல் முழுக்க அதில் இருக்கிறது.

1861 ஏப்ரலில் சம்ட்டர் கோட்டை, ஒன்றியத்திலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களிடம் வீழ்ந்தது; வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கியது. அதே ஆண்டு, வில்லியம் பாலி தீட்டிய ஓவியம் ஒன்றை நியூயார்க்கின் சரோனி, மேஜர் அண்ட் நாப் அச்சகம் கல்லச்சில் கொண்டுவந்தது. குன்றின் விளிம்பில் தனியாக ஒரு காவல் வீரன். அவனுடைய துப்பாக்கியும் அதன் முனை ஈட்டியும்தான் கொடிக்கம்பம். விடியற்கால வானம் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக விரிகிறது. கம்பத்தை ஒட்டிய நீலத் துண்டில் விண்மீன்கள். கீழே தூரத்தில் கோட்டை. கொடி எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கல்லச்சின் பலம் இதுதான். சுண்ணாம்புக்கல்லைச் சொரசொரப்பாகத் தேய்த்து, கொழுப்புப் பென்சிலால் லேசாக வரைந்தால் நிறம் மெல்ல மெல்லக் கரையும். கோடு கோடாக வெட்டும் மரச்செதுக்கில் இந்தக் குழைவு வராது. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும். ஒரு கல் இம்மியளவு விலகினாலும் விளிம்பில் நிறம் பிதுங்கி நிற்கும்.

அபாரமான கற்பனை, மறுக்கவில்லை. ஆனால் கொடியை வானமே ஏற்றிவிட்ட பிறகு, போர் எதற்காக என்று யார் கேட்பது? அடிமைமுறையின் சுவடே படத்தில் இல்லை. அன்று வடக்கு வெளிப்படையாகச் சொன்ன நோக்கமும் ஒன்றியத்தைக் காப்பது மட்டும்தான்.

விண்மீன்களையும் எண்ணிப் பாருங்கள், மாநிலத்துக்கு ஒன்று. 1861 ஜூலை 4 முதல் 34, 1863 ஜூலை 4 முதல் 35. பிரிந்துபோன மாநிலங்களின் விண்மீன்களை லிங்கன் அரசு எடுக்கவே இல்லை; பிரிவினையை ஏற்கவில்லை என்பதற்கு அதுவே அறிவிப்பு. ஆனால் இதை மட்டும் வைத்துப் படத்தின் ஆண்டைக் கணிக்காதீர்கள். சின்னக் கொடிகளில் இடம் கொண்ட அளவுக்குத்தான் புள்ளி வைப்பார்கள்.

விடுதலையைப் பெண்ணாக உருவகிக்கும் சுதந்திரத் தேவியின் தொப்பியிலும் அரசியல் உண்டு. அது ரோமில் விடுதலை பெற்ற அடிமையின் அடையாளம் என்பதாலேயே, நாடாளுமன்றக் குவிமாடச் சிலைக்கு அது கூடாது என்று 1850களில் போர்த்துறைச் செயலராக இருந்த ஜெபர்சன் டேவிஸ் எதிர்த்தார். சிலைக்குத் தலைக்கவசம் வந்தது. பின்னாளில் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் அதிபரானவரும் அவரே. போர்க்காலப் படத்தில் அந்தத் தொப்பி தென்பட்டால், அதை வெறும் அலங்காரமாகக் கடந்துவிடாதீர்கள்.

கறுப்பினப் படைவீரர்களைச் சேர்க்க பிலடெல்பியாவில் அச்சிட்ட வண்ணக் கல்லச்சுப் படத்தில், சீருடை அணிந்த கறுப்பர்கள் வரிசையாக நிற்கிறார்கள். கொடி அவர்களோடு தரையில் நிற்கிறது. பாலியின் படத்தை மாட்டும் அருங்காட்சியகம் எதுவானாலும் இதையும் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.