விலாங்கு மீனை எப்போதாவது சாப்பிடுங்கள், முழுசாகச் சாப்பிடுங்கள்

ஜப்பான் போய் வந்தவர்கள் போடும் உனாகி (விலாங்கு) சாப்பாட்டுப் படங்களில் பெரும்பாலும் சோற்றின் மேல் பளபளவென்று இரண்டு துண்டு விலாங்கு இருக்கும். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மீனின் அருமை தெரிய வேண்டுமென்றால், ஒரு பழைய கடையில் உட்கார்ந்து தொடக்கம் முதல் கடைசிவரை வரிசையாகச் சாப்பிட வேண்டும் என்பேன்.

தோக்கியோவுக்குப் பக்கத்து ஊரான நரிதாவில், கோயிலுக்குப் போகும் ஓமோதேசாந்தோ தெருவில், போகிறவர் வருகிறவர் கண்முன்னேயே மீனை அறுக்கிறார்கள். உயிருள்ள விலாங்கு கையில் நிற்காது. தலையை ஒரு ஆணியால் பலகையோடு சேர்த்துக் குத்தி, முதுகில் கத்தியை இறக்கி வால்வரை ஒரே இழுப்பு. முள் தனியாக வந்துவிடுகிறது. ஈரலைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். ஒசாகா பக்கம் வயிற்றில்தான் பிளப்பார்கள். சாமுராய்கள் வாழ்ந்த எடோவில் (தோக்கியோவின் பழைய பெயர்) வயிற்றைக் கிழிப்பது அபசகுனம், அதனால் இங்கே முதுகு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மீனில் கம்பி குத்தப் பழக மூன்று வருடம், பிளக்க எட்டு வருடம், சுடப் பழக ஆயுள் முழுக்க என்பது இந்தத் தொழிலில் வழங்கும் பேச்சு.

எடுத்து வைத்த எதுவும் வீணாவதில்லை. முள் மொறுமொறுவென்று பொரிந்து வருகிறது. ஈரல் கம்பியில் சுட்டு, லேசான கசப்போடு. அப்புறம் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காயோடு கொஞ்சம் சதை, முட்டைச் சுருளுக்குள் கொஞ்சம்.

அடுத்து வரும் ஷிராயாகிதான் எனக்கு இந்த விருந்தின் உச்சம். சாஸ் எதுவும் இல்லை. தோக்கியோ முறையில் முதலில் சுட்டு, ஆவியில் வேகவைத்து, மறுபடி சுடுகிறார்கள். கொழுப்பு அளவாக இறங்கி, தோல் மெல்லியதாகி, சதை நாக்கில் கரைகிறது. தொட்டுக்கொள்ள உப்பு, அல்லது துளி வசாபி. மீன் நன்றாக இல்லையென்றால் இந்தத் தட்டில் ஒளித்துவைக்க இடமே கிடையாது. இதைச் சாப்பிட்ட பிறகு, சோயாவும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் சேர்ந்த சாற்றில் தோய்த்துச் சுட்ட துண்டு, அரக்குப் பெட்டியில் சோற்றின் மேல் வரும்போதுதான் அந்தச் சாறு என்ன செய்கிறது என்பது புரிகிறது. மேலே கொஞ்சம் சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகுப் பொடி, பக்கத்தில் ஈரல் போட்ட தெளிந்த சூப், ஊறுகாய்.

சரி, ஏன் எப்போதாவது மட்டும்?

ஜப்பானிய விலாங்கை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. பண்ணையில்தானே வளர்க்கிறார்கள் என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பண்ணைக்குக் குஞ்சு வருவது கடலிலிருந்து. மரியானா தீவுகளுக்கு மேற்கே பசிபிக்கில் முட்டையிடுகிறது இந்த மீன். ஆராய்ச்சியாளர்கள் அங்கே அதன் முட்டையைக் கையில் எடுத்ததே 2009-இல்தான். நீரோட்டத்தில் மிதந்துவந்து ஆற்று முகத்துவாரத்தை அடையும் கண்ணாடி போன்ற குஞ்சுகளைப் பிடித்துத்தான் வளர்க்கிறார்கள். முட்டையிலிருந்து வளர்த்து, அதையே மறுபடி முட்டையிட வைப்பதில் 2010-இல் வெற்றி கண்டார்கள். ஆனாலும் பண்ணைகள் நம்பியிருப்பது இன்னமும் கடல் குஞ்சைத்தான்.

இப்படிப்பட்ட மீனை, கோடையின் எருது நாள், அதாவது விலாங்கு சாப்பிடும் வழக்கமுள்ள நாள், வந்துவிட்டது என்று சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலம் பொட்டலமாக அடுக்கி விற்பது எனக்கு உறுத்துகிறது. அந்த வழக்கமே 18-ஆம் நூற்றாண்டில் ஹிராகா கென்னாய் என்ற அறிஞர் ஒரு கடைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த விளம்பர உத்தி என்று கதை உண்டு. இயற்கையில் விலாங்குக்குக் கொழுப்பு ஏறுவது இலையுதிர் காலத்திலும் குளிர் தொடங்கும்போதும்தான்.

அதனால் போவதென்றால் நவம்பரில் போங்கள். நல்ல கடையில் நீங்கள் சொன்ன பிறகுதான் மீனைப் பிளப்பார்கள், நேரமாகும். ஷிராயாகியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.