இல்லாத சுவருக்கு 6,800 ரூபாய்

ஒன்பது அடி எட்டு அங்குலம் எப்படிங்க பத்து அடி ஆகும்? ரெண்டு வாரமா இதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். "ஃபீல்டுல எல்லாரும் இப்படித்தான்க்கா எடுப்போம், ரவுண்டு பண்ணிருவோம்"னு சொல்றான் எங்க வீட்ல தடுப்புச் சுவர் போட்ட கான்ட்ராக்டர் பையன். ஏன் எப்பவும் மேல மட்டும் ரவுண்டு பண்றீங்கன்னு கேட்டா பேச்சு மூச்சு இல்ல.

தருமபுரியில பென்னாகரம் ரோட்டுப் பக்கம் எங்க வீடு. மாடி ஹாலைக் குறுக்கே தடுத்து பெரியவளுக்கு ஒரு ரூம் பண்ணணும். பன்னெண்டாவது படிக்கிறா. மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம், டிவி போட்டா வீடே அதிரும். செங்கல் வெச்சுக் கட்டலாம்னா அந்த இடத்துல கீழ பீம் இல்ல, தளத்து மேல அந்த பாரம் வேணாம்மான்னு வீடு கட்டின மேஸ்திரியே சொல்லிட்டார். அதனாலதான் ஜிப்சம் போர்டு, இரும்புச் சட்டம் நிறுத்தி ரெண்டு பக்கமும் பலகை மாதிரி அடிக்கிற லேசான சுவர். ஒரே ஒரு சுவர், அதுல ஒரு கதவு. அவ்வளவுதான் வேலை.

மூணு பேர்கிட்ட ரேட் கேட்டேன். ஒருத்தர் சதுர அடி 145ன்னார். இன்னொருத்தர் அளக்காமலே நின்ன இடத்துல கண்ணை ஓட்டிட்டு 28,000 ஆகும்மான்னார். மூணாவது வந்தவன்தான் இந்தப் பையன், 85 ரூபாய். 145 எங்க, 85 எங்க? வீட்டுக்காரர் ஓசூர்ல கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார். போன்ல கேட்டேன், சரி குடுத்துருன்னார். 10,000 அட்வான்ஸ் அனுப்பினேன். அளவு? "வேலை முடிஞ்சதும் அளந்துக்கலாம்க்கா, எங்க போயிடப் போகுது"ன்னான்.

வேலை முடிஞ்ச அன்னிக்கு டேப்பைப் பிடிச்சது நான்தான். கீழ் முனையை அவன் கால்ல மிதிச்சுக்கிட்டான், மேல் முனையை ஸ்டூல்ல ஏறி நான் சீலிங்ல அழுத்திப் பிடிச்சேன். என் கட்டை விரல் நகத்துக்கு நேரா 9 அடி 8 அங்குலம். என் கண்ணால பாத்தேன். நீளம் 11 அடி 8 அங்குலம். கீழ இறங்கி வர்றதுக்குள்ள அவன் போன்ல 12, 10னு தட்டிட்டான். 120 சதுர அடி. அப்புறம் ரெண்டால பெருக்கினான். 240. எதுக்குடா ரெண்டுன்னா, ரெண்டு பக்கமும் போர்டு அடிச்சிருக்கோம்லன்னான். 85 ரூபாய்ங்கிறது ஒரு பக்கத்துக்காம்! அப்படின்னா சுவருக்கு 170. 145 சொன்னவர் ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் சொன்னாராம், இப்பப் போய்க் கேட்டேன். அவர் கணக்குல 120 அடின்னே வெச்சாலும் 17,400. குறைச்ச ரேட்டுன்னு நம்பி, அவரை விடக் கூடுதல் ரேட்டுக்காரன்கிட்ட நான் வேலையைக் குடுத்திருக்கேன். இதை முன்னாடியே சொல்ல அவனுக்கு வாய் வரல.

கதவு 3 அடிக்கு 7 அடி. அந்த இடத்துல போர்டே கிடையாது, காத்துதான் இருக்கு. அதையும் கழிக்கல. பூச்சு வேலையில பழைய மேஸ்திரிங்க கதவு ஜன்னலுக்கு ஒரு பக்கத்தைக் கழிச்சுட்டு, மறுபக்கத்தை ஓரம் பூசற கூலிக்குன்னு விட்டுருவாங்க. அது எனக்குத் தெரியும், அதுல நியாயமும் இருக்கு. அப்படிப் பாத்தாலும் 21 அடி கழிச்சிருக்கணும். கதவுக்கு மரக்கட்டை வெச்சதுன்னு தனியா 1,500 பில்லுல போட்டிருக்கான், அப்ப ரெண்டு பக்கமும்தானே கழிக்கணும்?

இதுக்கு மேல சேதாரம் 10 சதம். 240 அடி 264 ஆச்சு. 264 இன்டு 85, சுவருக்கு மட்டும் 22,440.

ராத்திரி நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 11 அடி 8க்கு 9 அடி 8ன்னா 113 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. கதவு 21 போனா 92 கூட இல்ல. ரெண்டு பக்கமும் சேர்த்து 184. அவன் ரேட்டுப்படியே 15,640 ரூபாய். 80 சதுர அடி சுவர் எங்க வீட்லயே இல்ல, அதுக்கு 6,800 ரூபாய் கேக்கறான்.

சேதாரம்ங்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. போர்டு வெட்டினா துண்டு வீணாகும், ஒத்துக்கறேன். ஆனா சதுர அடி ரேட்னு சொல்லும்போதே போர்டு, ஜிஐ சேனல்ங்கிற இரும்புச் சட்டம், ஸ்க்ரூ, கூலி, வீணாப் போறது எல்லாம் அதுக்குள்ள அடங்கிடுச்சு. ரேட்டுக்குள்ளயும் வெச்சு, அளவை ரவுண்டு பண்றதுலயும் எடுத்து, கடைசியில தனியா ஒரு வரி வேற போட்டா அது மூணு தடவை வசூல். பாலக்கோடு பக்கம் எங்கப்பாவுக்கு நிலம். மண்டிக்குத் தக்காளி கொண்டு போனா கழிவுன்னு எங்க எடையில பிடிச்சுக்கறாங்க. நாங்க காசு குடுத்து ஒரு பொருள் வாங்கப் போனா சேதாரம்னு எங்க தலையிலயே ஏத்தறாங்க. விக்கும்போதும் நாங்கதான் குடுக்கணும், வாங்கும்போதும் நாங்கதான் குடுக்கணுமா?

வண்டி வாடகை 1,800. "சேலத்துல இருந்து தொப்பூர் கணவாய் ஏறி வரணும்க்கா"ன்னான். மிச்சத் துண்டுங்களைக் குப்பைக்கு எடுத்து வைக்கும்போது அதுக்குள்ள டெலிவரி சீட்டு கிடந்துச்சு. தருமபுரி கடை. ஊருக்குள்ளயே, குட்டி யானையில ஏத்தினா பத்து நிமிஷம். அதுல 10 போர்டு, 6க்கு 4 அளவுன்னு எழுதியிருந்தது. ஒரு போர்டு 24 சதுர அடி.

அந்தச் சீட்டைப் பாத்தப்புறம்தான் எனக்கு இன்னொண்ணு உறைச்சுது. கிட்டத்தட்ட பத்தடி உயரச் சுவருக்கு ஏன் ஆறடி போர்டு? 8க்கு 4 போர்டும் வருது. நான் நோட்டுல கட்டம் போட்டுப் பாத்தேன், எட்டடி போர்டுன்னா 7 போதும். ஆறடின்னா 9, உடைசலுக்கு ஒண்ணு சேர்த்து 10. சதுர அடிக் கணக்கு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா ஆறடி போர்டுன்னா சரியா கண்ணுக்கு நேரா இணைப்பு வரும். அதையும் ஒண்ணு மேல ஒண்ணு தள்ளி, மாத்தி மாத்தி அடிக்காம எல்லாத்தையும் ஒரே மட்டத்துல அடிச்சுட்டுப் போயிட்டான். இணைப்புக்கு டேப் ஒட்டி, காம்பவுண்ட்னு சொல்ற பசையைப் பூசி, காய விட்டு, மறுபடி பூசணும். ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுட்டாங்க. ஒன்பதாம் நாள் ஆறடி உயரத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி விரிசல். கேட்டா "பட்டி பாக்கறது பெயிண்டர் வேலைக்கா"ன்னு பதில்.

இதோட விட்டிருந்தா கூட நான் பொறுத்துப் போயிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை பெரியவ சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தா, போர்டு உள்ள அமுங்குது. கையால தட்டிப் பாத்தா நடுவுல டம்டம்னு சத்தம். ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து சுவர்ல வெச்சு மெதுவா நகர்த்தினேன். ஸ்க்ரூ இருக்கிற இடத்துல காந்தம் டக்குனு பிடிக்கும். பென்சில்ல புள்ளி வெச்சுக்கிட்டே வந்தேன். போர்டு ஓரத்துல பிடிக்குது. அதுக்கப்புறம் ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடி, எங்கயும் பிடிக்கல. நாலாவது அடியில அடுத்த ஓரம். நடு ஸ்டட்டே வைக்கல, அதான் போர்டைத் தாங்க உள்ள நட்டமா நிக்கிற இரும்புச் சட்டம்! ரெண்டு அடிக்கு ஒரு ஸ்டட் நிக்கணும், நாலடி போர்டுக்கு ரெண்டு ஓரத்துல ரெண்டு, நடுவுல ஒண்ணு. 11 அடி 8க்கு ஏழு, கதவுப் பக்கம் தனி. ஓரத்துலயும் அடிக்கு ஒரு ஸ்க்ரூ இல்ல, கீழ இருந்து சீலிங் வரைக்கும் ஒரு வரிசையில ஆறு புள்ளிதான் விழுந்தது.

சதுர அடி ரேட்டுங்கிறது இதுக்குத்தான் அவங்களுக்கு வசதியா இருக்கு. உள்ள எத்தனை ஸ்டட், எந்த அளவு போர்டு, எவ்வளவு காம்பவுண்ட், எதுவும் பேப்பர்ல வராது. மூடினப்புறம் யாருக்கும் தெரியாது. அளவுல கூட்டி எழுதலாம், உள்ள குறைச்சு வைக்கலாம். உள்ள கண்ணாடிக் கம்பளி வெச்சாத்தான் டிவி சத்தம் குறையும்னு கூட ஒருத்தரும் வாயைத் திறக்கல. எந்தக் காரணத்துக்காக இந்த ரூம்னு முதல் நாளே சொன்னேன்! இத்தனை போர்டு, இத்தனை சேனல், இத்தனை ஸ்டட், கூலி இவ்வளவுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுக்கறதுக்கு என்ன கேடு? கல்யாண சமையலுக்கு லிஸ்ட் குடுக்கறவங்க உப்பு வரைக்கும் எழுதித் தர்றாங்களே.

இன்னொண்ணும் சொல்லணும். 80 அடி கணக்கை நான் எடுத்துக் காட்டினப்ப, நோட்டை வாங்கிக்கூடப் பாக்கல அவன். "சார் வரட்டும்க்கா, சார்கிட்டப் பேசிக்கறேன்"ன்னான். டேப்பைப் பிடிச்சது நான். அட்வான்ஸ் அனுப்பினது நான். இந்த வீட்டு லோன் தவணை என் சம்பளத்துல போகுது. கணக்கு மட்டும் எனக்குப் புரியாதா? சனிக்கிழமை அவர் வந்ததும் போன் போட்டார். "ரெண்டாயிரம் குறைச்சுக்கறேன் சார், முடிச்சு விட்ருங்க"ன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கான். எனக்குக் குறைச்சுக் குடுக்க வேணாம். பேரம் பேச நான் கூப்பிடல. 184ஐ 184ன்னு எழுதட்டும், நடு ஸ்டட்டை வைக்கட்டும், ஒரு ரூபாய் குறையாம வாங்கிட்டுப் போகட்டும்.

மூணு நாளா போனை எடுக்கல. பெயிண்டர் நேத்து வந்தார், திருப்பி அனுப்பிட்டேன். வெள்ளை போர்டு மேல 11-8, 9-8, கதவு 3×7ன்னு பென்சில்ல பெரிசா எழுதி வெச்சிருக்கேன், காந்தம் பிடிச்ச புள்ளியெல்லாம் வட்டம் போட்டு. அவன் வந்து அது முன்னாடி நின்னு பில்லைத் திருத்துற வரைக்கும் அந்தச் சுவர்ல பட்டியும் இல்ல, பெயிண்டும் இல்ல. பெரியவ சமையல்கட்டுல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருக்கா.